மோடத்தை ஆஃப் செய்வதற்கு முன்னால்

சின்ன ஆபீஸ்களில் "நெட் போச்சுங்க" என்று ஒரு குரல் கேட்டால் அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். யாராவது எழுந்து போய் மோடத்தின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போடுவார்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஓடிவிடுவதால்தான் இந்தப் பழக்கம் யாரையும் விடுவதில்லை. என்றைக்கோ ஒருநாள் வரும் தடங்கலுக்கு இது போதும். தினமும் வரும் தடங்கலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. எந்த இடத்தில் அறுந்தது, எந்த மெஷின் எந்தப் பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்தது என்ற தடயம் முழுக்க அந்த ஒரு தட்டில் அழிந்துவிடும். நாளைக்கும் அதே நேரம் அதே குரல் கேட்கும்.

சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். எல்லாரும் முதலில் செய்யும் சோதனையையே ஏமாற்றிவிடக் கூடிய கோளாறு அங்கே இருந்தது. அதனால்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு மெஷின், எல்லா மெஷினின் கேபிளும் வந்து சேரும் ஒரு 16 போர்ட் ஸ்விட்ச், ஃபைபர் வந்து சேரும் பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர் இருந்தாலும் ஆபீஸில் எல்லாரும் மோடம் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா ஒரு மெஷினில் இருக்கும். மற்றவர்கள் ஷேர் செய்த ஃபோல்டர் வழியாக அதில் வேலை செய்வார்கள். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாள். 20ஆம் தேதி மத்தியானம் பார்ட்டியைப் போனில் வைத்துக்கொண்டு ஓடிபி கேட்டு வாங்கி, அதை அடிக்கும்போது பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் படும் பாடு சாதாரணமில்லை. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் பார்ட்டி தலையில் விழும். பேச்சு ஆபீஸ் தலையில் விழும்.

நெட் அடிக்கடி போகிறது என்று சொன்னதால், இணைப்பு கொடுத்த கம்பெனியில் இருந்து ஆள் வந்து பார்த்திருக்கிறார்கள். ஃபைபரை மறுபடி ஜாயின்ட் போட்டார்கள், அடாப்டரைப் பார்த்தார்கள். "லைன் கிளியரா இருக்குதுங்க, உங்க சைடுலதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆபீஸில் இருந்தவர்களோ மோடத்தை ஆஃப் செய்து போட்டால் சரியாகிறதே, அப்புறம் எப்படி எங்கள் பக்கம் குறை இருக்கும் என்று கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் சொல்ல நியாயம் இருந்தது. யாரிடமும் எழுதி வைத்த நேரம் மட்டும் இல்லை.

அதனால் நான் முதலில் ஸ்விட்சைத் தொடவில்லை. ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில் கட்டம் போட்டு மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எத்தனை மணிக்கு, யார் யார் மெஷினில், அந்த நேரம் டேலி ஓடியதா, மோடத்தில் எந்த விளக்கு எந்த நிறம், கரண்ட் போய் வந்ததா. இவ்வளவுதான். கூடவே ஒரு நிபந்தனை: எழுதாமல் யாரும் மோடத்தை அணைக்கக் கூடாது. "அதுவரைக்கும் வேலை நிக்குமேங்கண்ணா" என்று மூத்த அசிஸ்டென்ட் கேட்டார். நியாயமான கேள்வி. விளக்குகளைப் போனில் ஒரு போட்டோ, தாளில் ஒரு வரி, அப்புறம் அணைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டோம். அரை நிமிஷ வேலை. இந்தத் துறையில் நான் பார்த்த கருவிகளில் விலை உயர்ந்த எதுவும் இந்தத் தாள் அளவுக்கு உதவியதில்லை.

இன்னொரு பக்கம் இரண்டு மெஷின்களில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் ஓடவிட்டேன். ஒரு பெட்டி பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. பிங் கட்டளையோடு ஒரு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று ஜன்னல்: ஒன்று டேலி மெஷினுக்கு, ஒன்று மோடத்துக்கு அதாவது 192.168.1.1க்கு, ஒன்று வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8க்கு. வழக்கமாக இதை வாசிக்கும் முறை எளிது. மூன்றும் நின்றால் அந்த மெஷினின் கேபிள், அல்லது ஸ்விட்ச். டேலி மெஷின் பதில் சொல்லி, மோடம் சொல்லாவிட்டால் மோடமோ அதற்குப் போகும் கேபிளோ. மோடம் வரை பதில் வந்து, வெளியே மட்டும் நின்றால் இணைப்பு கொடுத்தவர் பக்கம். மூன்றும் பதில் சொல்லியும் பக்கம் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ஐப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆபீஸ்களில் இதுவே போதும்.

தாள் நிறைந்தபோது தெரிந்த முதல் விஷயம், "நெட் போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. எல்லாரும் ஒன்றாகவே நினைத்துத் தேடியதால்தான் ஒன்றும் அகப்படவில்லை.

எல்லா மெஷினிலும் சேர்ந்தாற்போல் நெட் போனதாக எழுதியிருந்த வரிகளில் எல்லாம் கடைசிக் கட்டத்தில் "கரண்ட் போய் வந்தது" என்று இருந்தது. கம்ப்யூட்டர்கள் யுபிஎஸ்-இல் இருந்தன. மோடமும் ஸ்விட்சும் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில். கரண்ட் கண் சிமிட்டும் நேரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும்போது லைட் ஒரு மினுக்கு மினுக்கும், அவ்வளவுதான்; யாரும் கவனிக்க மாட்டார்கள். மோடம் அதற்குள் அணைந்து, மறுபடி எழுந்து, ஃபைபரில் சேர்ந்து, லாகின் ஆக இரண்டு மூன்று நிமிஷம். இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கிறது. அப்டைம் என்று ஒரு வரி இருக்கும், கடைசியாக எழுந்ததில் இருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காட்டும். யாரும் தொடாமலே அது இருபது நிமிஷம் என்று காட்டினால் பெட்டி தானாக அணைந்து எழுந்திருக்கிறது. மோடமும் ஸ்விட்சும் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன டிசி யுபிஎஸ் இரண்டு வாங்கி மாட்டினோம். அதில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அடாப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கிறதோ அதைக் கொடுக்கக்கூடிய யுபிஎஸ்-ஆகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த வகை வரிகள் தாளில் இருந்து மறைந்தன.

இனி முக்கியமானது.

மிச்ச வரிகளில் பாதிக்கு மேல் வேறு மாதிரி இருந்தன. கரண்ட் போகவில்லை. மோடத்தில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிலையாக இருக்கிறது, ஃபைபரில் ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் சிவப்பு எரியவில்லை. டேலி ஓடுகிறது. நான்கைந்து மெஷினில் மட்டும் நெட் இல்லை, பக்கத்து மேஜையில் இருக்கிறது. என் பிங் ஜன்னல்களைப் பார்த்தால் 192.168.1.1 ஒரு பதிலைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது, 8.8.8.8 மட்டும் நின்றுபோயிருந்தது. மேலே சொன்ன வழக்கமான வாசிப்புப்படி இது இணைப்பு கொடுத்தவர் குறை. அப்படியென்றால் பக்கத்து மேஜையில் எப்படி ஓடும்? ஒரே மோடம், ஒரே ஃபைபர்.

இன்னொன்றும் உறுத்தியது. லைன் அறுந்தால் பிங் ஜன்னலில் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றுதான் அநேகமாக வரும். இங்கே "192.168.1.1இல் இருந்து பதில்: டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்" என்று வந்தது. பதிலே வராமல் போவது வேறு, வெளியே போக எனக்கு வழி இல்லை என்று ஒரு பெட்டி பதில் சொல்வது வேறு. மோடத்துக்கு வழி இருக்கிறது, பக்கத்து மேஜை ஓடுகிறது. அப்படியானால் இந்தப் பதிலைச் சொல்வது யார்?

நெட் இல்லாத மெஷினில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தேன். லாகின் பக்கம் வந்தது. வேறொரு பிராண்டின் லாகின் பக்கம். மோடத்தின் பக்கம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. நெட் இருந்த பக்கத்து மெஷினில் அதே எண்ணை அடித்தால் மோடத்தின் பக்கம். இரண்டு மெஷினிலும் ஏஆர்பி கட்டளையை ஒரு கோடும் ஏ எழுத்தும் சேர்த்து ஓட்டினேன். எந்த ஐபி எண்ணுக்கு எந்த மேக் முகவரி, அதாவது பெட்டியிலேயே பதிந்து வரும் அடையாள எண், என்று மெஷின் நினைவில் வைத்திருக்கும் பட்டியல் அது. 192.168.1.1க்கு நேரே இரண்டு மெஷினிலும் வெவ்வேறு மேக் முகவரி. மேக்கின் முதல் மூன்று ஜோடி எழுத்துகள் தயாரித்த கம்பெனியைக் காட்டும். அதுவும் வேறு வேறு.

ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால் என்ன ஆகும், அதுதான் நடந்துகொண்டிருந்தது. "192.168.1.1 யார்?" என்று மெஷின் கேட்கும். இரண்டு பெட்டியும் "நான்தான்" என்று சொல்லும். எதன் பதிலை மெஷின் வைத்துக்கொள்கிறதோ அதனிடம் எல்லாவற்றையும் அனுப்பும். மோடத்தை வைத்துக்கொண்டவருக்கு நெட் உண்டு, மற்றதை வைத்துக்கொண்டவருக்கு இல்லை. டேலி இரண்டு மெஷின்களுக்கு நடுவே நேரடியாகப் போவது, வெளியே போகும் வாசலான கேட்வேயைத் தேடாது. அதனால் அது பாட்டுக்கு ஓடியது. மோடத்தை அணைத்துப் போட்டால் ஏன் சரியானது என்பதும் இதிலேயே இருக்கிறது: பல ரவுட்டர்கள் எழுந்ததும் இந்த எண் என்னுடையது என்று எல்லா மெஷினுக்கும் அறிவிக்கும். மெஷின்கள் அந்த மேக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கும்போது மறுபடி குழப்பம்.

இதை உறுதிசெய்ய எந்தக் கட்டளையும் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஸ்விட்சில் இருந்து மோடத்துக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, மோடத்தின் வைஃபையும் அணைந்திருக்கும்போது, கேபிளில் உள்ள ஒரு மெஷினில் இருந்து 192.168.1.1க்கு பிங் கொடுக்க வேண்டும். பதில் வரவே கூடாது. அங்கே வந்தது. கேபிள் என் கையில் இருக்கிறது, ஜன்னலில் ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் நின்ற அசிஸ்டென்டே "அண்ணா, யாருங்கண்ணா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

ஸ்விட்ச் சாதாரண ரகம், எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று கேட்டால் சொல்லாது. பிங்கை ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டினோம். ஒன்றைக் கழற்றியதும் பதில் நின்றது. அந்தக் கேபிள் போன இடம் ஆடிட்டர் சார் ரூம். ஃபைல் ரேக்குக்குப் பின்னால், போனுக்கு வைஃபை கிடைக்கட்டும் என்று எப்போதோ வைத்த ரவுட்டர். அந்த ரூமின் சுவிட்ச் போர்டை சார் கிளம்பும்போது மொத்தமாக அணைத்துவிடுவார்கள். தாளை எடுத்துப் பார்த்தால் இந்த வகை வரி ஒன்றுகூடக் காலை 11 மணிக்கு முன்னால் இல்லை. சார் வருவது 11 மணிக்கு.

"அது நாலு வருஷமா அங்கதாம்ப்பா இருக்குது, ஒன்னும் பண்ணலையே" என்றார். அவர் சொன்னதும் சரிதான். பழைய மோடத்தின் எண் 192.168.100.1. அந்த ரவுட்டரை வைத்தவர் அதில், மெஷின்களுக்குத் தானாக எண் கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்திருந்தார். ஆனால் அதன் சொந்த எண்ணை, கடையில் இருந்து வந்தபடியே 192.168.1.1 என்று விட்டிருந்தார். இரண்டும் வேறு வேறு வரிசை என்பதால் மோதவில்லை. இணைப்பை மாற்றியபோது வந்த புது மோடத்தின் எண் 192.168.1.1. அன்றைக்கு ஆரம்பித்தது. ஆபீஸில் யாரைக் கேட்டாலும் "நாங்க ஒன்னுமே மாத்தலைங்க" என்பார்கள், உண்மையாகத்தான் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் மோடம் மாறியது மாற்றம் இல்லை, வேகம் கூடியது மட்டுமே. அதனால் "என்ன மாற்றினீர்கள்" என்று நான் கேட்பதில்லை. புதுசாக எந்தப் பெட்டி வந்தது, எந்த ஆள் வந்து வேலை பார்த்தார், மேஜை எதையாவது நகர்த்தினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

சரிசெய்தது சின்ன வேலை. சார் ரூம் ரவுட்டரின் எண்ணை மாற்றி, டிஎச்சிபி அணைந்தே இருக்கிறதா என்று பார்த்து, கேபிள் லேன் போர்ட்டில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்தேன். வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருக்கும் ரவுட்டரென்றால் அதைப் போட்டாலே இதெல்லாம் முடிந்துவிடும். அதோடு நிற்காமல் ஆபீஸ் முழுவதையும் 192.168.50 வரிசைக்கு மாற்றினேன். இதை எல்லா சின்ன ஆபீஸுக்கும் சொல்கிறேன். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில்தான் வரும். நாளைக்கு யாராவது வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினாலும் கேட்வே எண்ணில் மோதாது. அதன் டிஎச்சிபி வேலை செய்து ஏதாவது மெஷினுக்கு எண் கொடுத்துவிட்டால்கூட, மெஷினின் எண்ணைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்ததும் 50 இல்லாத எண் பளிச்சென்று தெரிந்துவிடும். அப்படி மாற்றும்போதே, டிஎச்சிபி கொடுக்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று வைத்து, பிரிண்டர், டேலி மெஷின், கேமரா பெட்டி இவற்றுக்கு 100க்குக் கீழே நிலையான எண் கொடுத்தேன். பிரிண்டருக்குக் கையால் கொடுத்த எண்ணையே டிஎச்சிபி இன்னொரு மெஷினுக்குத் தூக்கிக் கொடுப்பது இன்னொரு நெடுநாள் தலைவலி.

மூன்றாவது கோளாறு ஒரே ஒரு மெஷினில். அங்கே நெட்டும் போகும், டேலியும் போகும், சில நொடிகளில் திரும்ப வரும். டேலியில் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சில நொடி போதும், டேட்டாவே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. விண்டோஸில் அந்த மெஷினின் லிங்க் வேகத்தைப் பார்த்தேன். மற்றவை 1 ஜிபிபிஎஸ், இது 100 எம்பிபிஎஸ். இது பெரிய துப்பு. 100 எம்பிபிஎஸ் ஓட எட்டுக் கம்பியில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். 1 ஜிபிபிஎஸ் ஓட எட்டும் வேண்டும். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட்டாக இருந்தும் 100இல் நிற்கிறதென்றால் ஏதோ ஒரு கம்பி தொடவில்லை. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தால் ஸ்டீல் பீரோவின் கால் கேபிள் மேல் நின்றிருந்தது. வெட்டி எடுத்து, கம்பியின் மேல்பூச்சை பிளேடால் சுரண்டினேன்; செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. சிசிஏ என்று கடைகளில் சொல்வார்கள், கேபிள் பெட்டியின் விலை கணிசமாகக் குறைவு. அலுமினியம் மடங்கினால் சீக்கிரம் விண்டுபோகும், கேபிள் முனையில் போடும் ஆர்ஜே45 பிளக்கின் பின் கடித்த இடத்தில் பிடிப்புத் தளரும். கேட்5இ, கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் தரத்துக்கு முழுச் செம்பு வேண்டும்; மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சிசிஏ அந்தத் தரத்தில் சேராது. காசை எங்கே மிச்சம் பிடித்தாலும் சுவருக்குள் போகும் கேபிளில் மட்டும் பிடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் மன்றாடுகிறேன். வாங்கும்போது "முழு காப்பர்" என்று கேட்டு, கடையிலேயே ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

இவை போக, தாளில் கோளாறே இல்லாத ஒரு வரியும் இருந்தது: மத்தியானம் சாப்பிட்டு வந்தால், ஷேர் ஃபோல்டரைக் காட்டும் இசட் டிரைவில் சிவப்பு எக்ஸ். விண்டோஸ் 15 நிமிஷம் சும்மா இருக்கும் ஷேர் இணைப்பைத் தானாக விட்டுவிடும். கிளிக் செய்தால் உடனே திறக்கும். நெட்வொர்க் அறுந்ததற்கு இது அடையாளம் இல்லை. டேலி மெஷினில் அந்த நேரக் கெடுவை எடுத்துவிட்டேன்.

வைஃபை பற்றி நீட்ட வேண்டாம். டேலி ஓடும் மெஷினை வைஃபையில் விடக்கூடாது. போன்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் பக்கத்து ஆபீஸ்கள் குறைவாகப் பயன்படுத்தும் சேனலில் வைத்தால் போதும்.

இணைப்பு கொடுத்தவர் பக்கம்தான் குறை என்று தாள் சொல்லும் நாளும் வரும். எல்ஓஎஸ் சிவப்பாக எரியும்போது எடுத்த போட்டோ, நேரங்கள், மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில், ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் ஆர்எக்ஸ் பவர் என்ற எண். இந்த மூன்றையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். அந்த எண் பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ போனால் ஃபைபரில் எங்கோ மடிப்போ மோசமான ஜாயின்ட்டோ இருக்கிறது. "நெட் அடிக்கடி போகுது" என்று சொன்னால் மோடத்தை ஆஃப் செய்து போடச் சொல்வார்கள். "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 29, இன்றைக்கு மூன்று முறை எல்ஓஎஸ்" என்று சொன்னால் ஜாயின்ட் போடுகிற ஆளை அனுப்புவார்கள்.

தாள் இப்போதும் மோடத்துக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது. 20ஆம் தேதிக்காக இன்னொரு ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள்: வேறு கம்பெனி சிம் உள்ள ஒரு போனை யுஎஸ்பி கேபிளில் மெஷினோடு இணைத்து டெதரிங். மாதம் 15ஆம் தேதி வாக்கில் அதை ஒருமுறை போட்டு, ஜிஎஸ்டி போர்டல் திறக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.